‘மேட்டுக்குடி’ என்பதற்கு மற்ற மொழிகளில் என்ன சொல்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியாவின் யாங்பான், ஸ்பெயினின் இதால்கோ, போலந்தின் ஷ்லாஹ்தா, ஜப்பானின் கசோக்கு எல்லாம் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வரும்போது ‘மேட்டுக்குடி’ அல்லது ‘பிரபுக்கள்’ என்று ஒரே அச்சில் வார்க்கப்பட்டுவிடுகின்றன. மொழிபெயர்ப்பவர்களும் வரலாறு படிப்பவர்களும் செய்தி எழுதுபவர்களும் இதையொட்டித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே ஆட்களைத்தானே குறிக்கின்றன?

இல்லை. மேலே இருப்பவர்கள் எந்த உரிமையில் மேலே இருக்கிறார்கள் என்பதையே பெரும்பாலும் பெயர் சொல்கிறது. சில மொழிகள் பிறப்பைச் சொல்கின்றன. சில, அரசனுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தார்கள் என்பதைச் சொல்கின்றன. வரி கட்டாதவர் என்பதே பெயரான இடமும் உண்டு, வைத்திருக்கும் காரே பெயரான இடமும் உண்டு. அந்தக் காரணத்தை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருக்கும், செய்தி தவறாகிவிடும்.

‘எலைட்’ என்ற சொல்லின் வேர் என்ன?

பிரெஞ்சில் ‘தேர்ந்தெடு’ என்ற வினையிலிருந்து வந்தது. எலைட் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டது. தேர்தலுக்கான ஆங்கிலச் சொல்லான ‘எலெக்‌ஷன்’ இதே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தது. அரபியிலும் அப்படியே: உயர்மட்டத்தினர் ‘நுக்பா’, தேர்தல் ‘இந்திகாப்’, இரண்டுக்கும் வேர் ஒன்று. தமிழில் தேர்வு, தேர்தல், தேர்ந்தவர் மூன்றும் ஒரே ‘தேர்’ என்ற வினையிலிருந்து வருவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும்.

யார் தேர்ந்தெடுத்தது என்பதைச் சொல் சொல்வதில்லை. இத்தாலியச் சமூகவியலாளர் வில்ஃப்ரெடோ பரேட்டோ 1916இல் வெளியான தன் பெருநூலில் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார். ஒவ்வொரு துறையிலும் ஆட்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடு, உச்சத்தில் வருபவர்கள் அந்தத் துறையின் எலைட். ஊரை ஏமாற்றிவிட்டுச் சிறைக்குப் போகாமல் தப்பிக்கத் தெரிந்தவனுக்கும் எட்டு, ஒன்பது, பத்து கொடுக்கலாம் என்றே எழுதினார். அவர் பயன்படுத்தும் எலைட்டில் நல்லவர், கெட்டவர் என்ற தீர்ப்பு இல்லை. அதை ‘மேன்மக்கள்’ என்று மொழிபெயர்த்தால் அவர் சொல்லாததைச் சொன்னதாகிவிடும்.

நோபிள், அரிஸ்டோக்ரசி, ஒலிகார்க்கி: மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

லத்தீன் ‘நோபிலிஸ்’ என்றால் ‘அறியப்பட்டவர்’. நம் ஊரில் ‘நாலு பேருக்குத் தெரிஞ்ச குடும்பம்’ என்கிறோமே, அதுதான். ரோமில் முன்னோர்களில் ஒருவராவது கான்சல் என்ற உச்சப் பதவியை வகித்திருந்தால் அந்தக் குடும்பம் இந்த வட்டத்துக்குள் வந்துவிடும். அப்படி முன்னோர் இல்லாமல் தானே பதவிக்கு வந்தவர் ‘புது மனிதர்’. கி.மு. 63இல் கான்சலான சிசரோ அப்படிப்பட்டவர்.

மற்ற இரண்டும் கிரேக்கச் சொற்கள். அரிஸ்டோக்ரசி சிறந்தவர்களின் ஆட்சி, ஒலிகார்க்கி சிலரின் ஆட்சி. முதலாவது கெட்டுப்போனால் இரண்டாவதாகும் என்பது அரிஸ்டாட்டிலின் கணக்கு. ஆகவே ஒலிகார்க்கி அன்றைக்கே பழிச்சொல். 1990களில் ரஷ்யாவில் அரசுச் சொத்துகள் தனியார் கைக்கு மாறியபோது அவற்றை வளைத்த பெருமுதலாளிகளுக்கு ‘ஒலிகார்க்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த ஒலிகார்க்குகளைப் ‘பிரபுக்கள்’ என்று எழுதுவது பிழை. அவர்களிடம் பட்டமும் இல்லை, பரம்பரையும் இல்லை.

வரி கட்டாததே உயர்வின் அடையாளமாக இருந்ததா?

ஆம், பல இடங்களில் அதுதான் அடிப்படை. ஸ்வீடனில் பிரபுக்களுக்கான பழைய பெயர் ‘ஃப்ரெல்சே’. விடுவிக்கப்பட்டவர் என்று பொருள். அரசனுக்காகக் குதிரையோடும் கவசத்தோடும் போருக்கு வருபவருக்கு வரி கிடையாது என்று 1280 வாக்கில் அல்ஸ்னோ சட்டம் சொன்னது. அந்த விலக்கே ஒரு வகுப்பின் பெயரானது.

ஸ்பெயினின் இதால்கோ என்பது ‘இன்னாரென்று சொல்லத்தக்கவரின் மகன்’ என்பது போன்ற தொடரின் சுருக்கம். பெயரில் பிறப்பு இருந்தாலும் நடைமுறையில் உரைகல் வரிதான். அவருக்கு எதிர்ச்சொல் ‘பெச்சேரோ’, அதாவது ‘பெச்சோ’ என்ற வரியைக் கட்டுபவர். கையில் காசில்லாத இதால்கோவும் இருந்தார், பணக்காரப் பெச்சேரோவும் இருந்தார். இந்தச் சொல்லைப் ‘பணக்காரர்’ என்று ஒருபோதும் பெயர்க்கக் கூடாது.

ரஷ்யச் சொற்கள் ஏன் இத்தனை இருக்கின்றன?

ஆட்சி மாறியபோதெல்லாம் சொல்லும் மாறியது. பழைய பெருநிலக்கிழார்கள் ‘பொயார்’. பிறகு வந்த ‘த்வொர்யான்ஸ்த்வோ’ என்பதில் உள்ள ‘த்வோர்’ முற்றம், அரசவை என்று பொருள்படும். அரண்மனையைச் சார்ந்த சேவகர்கள்தான் அந்த வகுப்பு. மகா பீட்டர் 1722இல் 14 படிகள் கொண்ட பதவி அட்டவணையை வெளியிட்டார். இராணுவத்தில் அதிகாரிகளின் கடைசிப் படியான 14ஐத் தொட்டாலே பரம்பரைப் பிரபு, சிவில் பணியில் 8ஆம் படி வரை ஏற வேண்டும். அதில் பிறக்காதவரும் பணிசெய்து நுழையக்கூடிய மேட்டுக்குடி அது. 1917 நவம்பரில் புரட்சி அரசு எல்லாப் பட்டங்களையும் ஒழித்தது. சோவியத் காலத்தில் ‘நோமென்கிளாத்தூரா’ வந்தது. அதன் நேர்ப்பொருள் பெயர்ப்பட்டியல். கட்சியின் ஒப்புதல் இல்லாமல் நிரப்பமுடியாத பதவிகளின் பட்டியல், அந்தப் பதவிகளில் அமர்ந்தவர்களுக்கே பெயராகிவிட்டது.

கொரியத் தொடர்களில் ‘யாங்பான்’ என்று மரியாதையாகவும் சொல்கிறார்கள், சண்டையிலும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. இந்தச் சொல்லின் பயணம் தனியாகப் படிக்கத்தக்கது.

‘யாங்’ என்றால் இரண்டு, ‘பான்’ என்றால் அணி. அரசர் தெற்கு நோக்கி அமர்வார். எழுத்துப்பணி அதிகாரிகள் கிழக்கு வரிசையிலும் படைத்துறை அதிகாரிகள் மேற்கு வரிசையிலும் நிற்பார்கள். இரண்டு வரிசையையும் சேர்த்து யாங்பான். அதாவது முதலில் அது நிற்கும் இடத்தின் பெயர். சோசன் அரசாட்சியில் (1392–1910) அது நிற்பவரின் குடும்பத்துக்கும், பிறகு பரம்பரைக்கும் பெயரானது. அரசுத் தேர்வு எழுதி அதிகாரியாவதே வழி என்று விதி இருந்தாலும், படிக்க நேரமும் நிலமும் உள்ள குடும்பங்களே திரும்பத் திரும்பத் தேறின. பிற்காலத்தில் வம்சாவளிப் புத்தகத்தில் பெயரை நுழைக்கக் காசு கொடுத்தவர்களும் பெருகினார்கள். யாங்பான் என்று சொல்லிக்கொள்பவர் தொகை வீங்க வீங்கச் சொல்லின் மதிப்பு இறங்கியது. 1894ஆம் ஆண்டின் காபோ சீர்திருத்தம் சட்டப்படி இந்த வேற்றுமையை நீக்கியது.

இன்று ‘அந்த யாங்பான்’ என்றால் ‘அந்த ஆளு’ என்பதற்குப் பக்கத்தில் வரும். மனைவி தன் கணவரை ‘எங்க வீட்டு யாங்பான்’ என்பது ‘எங்க வீட்டுக்காரர்’ போல. சாலையில் வண்டி உரசி, ‘ஏ யாங்பான்!’ என்று கத்தினால் அது ‘யோவ், பெரிய மனுஷா!’ தமிழில் வசன வரி எழுதுபவர்கள் காட்சியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அரசர் காலத்துத் தொடரில் ‘யாங்பான்’ என்றே வைத்து ஒரு முறை விளக்கிவிடுவது நல்லது.

ஜப்பானின் ‘கசோக்கு’ என்பது குடும்பம் இல்லையா?

ஒலி ஒன்றுதான், எழுத்து வேறு. குடும்பம் என்ற கசோக்குவும் பிரபுக்கள் என்ற கசோக்குவும் ஜப்பானிய எழுத்தில் பார்த்தால் குழம்பாது. தமிழில் எழுதும்போது குழம்பும், ஆகவே முதல் முறை வரும்போது விளக்கம் சேர்த்துவிடுங்கள். 1869இல் அரசவைக் குடும்பங்களையும் டைம்யோ எனப்பட்ட பழைய நிலப்பிரபுக்களையும் ஒன்றாக்கி உருவாக்கிய வகுப்பு இது. 1884இல் ஐந்து படிநிலைகள் வைத்தார்கள். 1947 அரசியலமைப்பு அதை முடித்துவைத்தது.

தென்கிழக்கு ஆசியாவில் நமக்குத் தெரிந்த சொற்கள் இருக்கின்றனவாமே?

நிறைய. மலாயில் பிரபுக்களுக்கு ‘பங்சாவான்’. இதில் உள்ள ‘பங்சா’ நாம் சொல்லும் வம்சம்தான். இரண்டுமே வடமொழியிலிருந்து போனவை. இன்றைய மலாயில் பங்சா என்றால் இனம், தேசம் என்று பொருள் விரிந்துவிட்டது. ‘பங்சாவான்’ மட்டும் பழைய ‘வம்சமுடையவர்’ என்ற பொருளில் நின்றுவிட்டது.

தாய்லாந்தில் ‘அம்மாத்’. நம் பழைய நூல்களில் வரும் அமாத்தியர், அதாவது அரசனின் ஆலோசகர். 2010இல் பாங்காக்கில் திரண்ட செஞ்சட்டைப் போராட்டக்காரர்கள் ஆளும் வட்டாரத்தை ‘அம்மாத்’ என்று சாடினார்கள். தங்களை ‘ப்ராய்’ என்று அழைத்துக்கொண்டார்கள். ப்ராய் என்பது பழைய காலத்தில் எசமானனுக்கு ஊழியம் செய்யக் கட்டுப்பட்ட குடியானவர். இழிவாக வைத்த பெயரைச் சட்டையில் அச்சடித்து அணிந்தார்கள். அந்த முழக்கங்களில் அம்மாத்தை ‘அமைச்சர்’ என்று பெயர்த்தால் கோபம் முழுக்கக் காணாமல் போய்விடும்.

சீன அதிகாரிகளைக் குறிக்கும் ‘மாண்டரின்’ சீனச் சொல்லே அல்ல. வடமொழியின் மந்திரி மலாயில் ‘மந்தெரி’ ஆகி, போர்த்துகீசியர் வாயில் ‘மண்டரிம்’ ஆகி, ஐரோப்பாவுக்குப் போனது. சீனர்கள் தங்கள் அதிகாரியை ‘குவான்’ என்கிறார்கள்.

‘காஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் இந்தியச் சொல்தானே?

பொருள் இந்தியாவில் ஊறியது, சொல் இந்தியாவுடையதல்ல. போர்த்துகீசியத்தில் ‘காஸ்தா’ என்றால் வகை, இனம், கால்வழி. இன்றைக்கும் போர்த்துகலில் திராட்சை ரகத்தைக் காஸ்தா என்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரையோரம் வந்தவர்கள் சாதியைக் கண்டு, தங்களிடம் இருந்த அந்தச் சொல்லை அதன்மேல் வைத்தார்கள். அதிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘காஸ்ட்’.

அதே சொல் ஸ்பானிய மெக்சிகோவில் வேறு திசையில் போனது. அங்கே ‘காஸ்தாஸ்’ என்றால் ஸ்பானியர், பழங்குடியினர், ஆப்பிரிக்கர் ஆகியோரின் கலப்பில் பிறந்தவர்கள், அதாவது மேலே இல்லாதவர்கள். தாய், தந்தை, குழந்தை என மூவரை வரைந்து எந்தக் கலப்புக்கு என்ன பெயர் என்று எழுதிய ஓவிய வரிசைகள் 18ஆம் நூற்றாண்டில் அங்கே தீட்டப்பட்டன. இன்றோ ஸ்பானியத்தில் ‘லா காஸ்தா’ என்றால் தலைகீழ்: பதவியையும் சலுகையையும் தங்களுக்குள்ளேயே சுற்றவிடும் அரசியல் கூட்டம். 2014இல் ஸ்பெயினில் பொதேமோஸ் கட்சி இடதுசாரிப் பக்கமிருந்து அதைச் சொன்னது. 2023இல் அர்ஜென்டினாவில் ஹவியேர் மிலேய் வலதுசாரிப் பக்கமிருந்து அதே சொல்லைச் சொல்லித் தேர்தலில் வென்றார். இந்தச் செய்திகளில் காஸ்தாவைச் ‘சாதி’ என்று எழுதினால் தமிழ் வாசகர் முற்றிலும் வேறொன்றைப் படிப்பார். ‘அரசியல் மேட்டுக்குடி’ அல்லது ‘ஆளும் கும்பல்’ பொருந்தும்.

இன்னொரு கடன்: அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பழங்குடும்பங்களை ‘பாஸ்டன் பிராமின்’ என்பார்கள். எழுத்தாளர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1860இல் எழுதியதிலிருந்து பரவிய பெயர் அது. ஆங்கிலேயப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவக் குடும்பங்கள் அவர்கள்.

சொல் மாறியதால் உண்மையிலேயே யாருக்காவது இழப்பு வந்ததுண்டா?

நியூசிலாந்தில் வந்தது. அங்குள்ள பழங்குடியினரான மாவோரிகளின் தலைவருக்கு ‘ரங்கத்திரா’ என்று பெயர். அவருடைய அதிகாரமும் தகுதியும் ‘ரங்கத்திரத்தங்கா’. 1840 பிப்ரவரி 6இல் கையெழுத்தாகத் தொடங்கிய வைத்தாங்கி ஒப்பந்தத்தின் ஆங்கில வடிவில் தலைவர்கள் தங்கள் இறையாண்மையைப் பிரிட்டிஷ் அரசிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். மாவோரி வடிவிலோ அவர்கள் கொடுப்பது ‘காவனத்தங்கா’. இது கவர்னர் என்ற ஆங்கிலச் சொல்லை மாவோரி ஒலியில் எழுதி உண்டாக்கிய புதுச்சொல். ரங்கத்திரத்தங்கா அவர்களிடமே முழுமையாக இருக்கும் என்று அடுத்த பிரிவு உறுதி தருகிறது. ஐந்நூறுக்கு மேற்பட்ட தலைவர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது மாவோரி வடிவில். தலைமையைக் காக்கிறோம் என்று நினைத்துக் கையெழுத்திட்டவர்கள் பிறகு நிலத்தை இழந்தார்கள். முதலில் கையெழுத்திட்ட தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று வைத்தாங்கி தீர்ப்பாயம் 2014இல்தான் சொன்னது.

புதிதாக உருவான சொற்கள் உண்டா?

சுவாஹிலியின் ‘வபென்சி’ அழகான எடுத்துக்காட்டு. அந்த மொழியில் மக்கள் கூட்டத்தைக் குறிக்க ‘வ’ முன்னால் சேரும். மெர்சிடிஸ் பென்ஸ் காரில் போகும் புதிய அதிகார வர்க்கத்தை, ஏதோ ஒரு குலத்தின் பெயர் போல, ‘வ’ சேர்த்துப் பென்ஸ்காரர்கள் ஆக்கிவிட்டார்கள் விடுதலைக்குப் பிந்தைய கிழக்கு ஆப்பிரிக்க மக்கள். சீனத்தில் அதிகாரியின் பிள்ளையை ‘குவான் அர் தாய்’ என்கிறார்கள், இரண்டாம் தலைமுறை அதிகாரி என்று பொருள். கொரிய இளைஞர்கள் வசதியான வீட்டில் பிறந்தவரைத் ‘தங்கக் கரண்டி’ என்றும் வசதியில்லாத வீட்டில் பிறந்தவரை ‘மண் கரண்டி’ என்றும் பிரிக்கிறார்கள்.

‘ஸ்நாப்’, ‘பாஷ்’ பற்றிச் சொல்லப்படும் கதைகள் உண்மையா?

இரண்டும் கட்டுக்கதை. தன்னை உயர்ந்தவராகக் காட்டிக்கொள்பவரைக் குறிக்கும் ஸ்நாப், ‘பிரபுத்துவம் இல்லாதவர்’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அல்ல. அது முதலில் செருப்புத் தைப்பவரைக் குறித்தது, பிறகு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஊர்க்காரர்களை அப்படி அழைத்தார்கள். இந்தியாவுக்குக் கப்பலில் வந்தவர்கள் வரும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் (‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’) அறை கேட்டதால், மேல்தட்டுப் பகட்டைக் குறிக்கும் ‘பாஷ்’ வந்தது என்பதற்கும் சான்று இல்லை. முதலெழுத்துகளைச் சேர்த்துப் பழைய சொல்லுக்கு விளக்கம் சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள். அந்த வகைச் சுருக்கங்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகின.

சரி, தமிழில் எப்போது எதைப் போடுவது?

பிறப்பால் மட்டும் உயர்வு என்றால் உயர்குடி. ஐரோப்பியப் பட்டம் உடையவர் என்றால் பிரபு, பிரபுக்கள். வருமானத்தைப் பற்றிப் பேசினால் மேல்தட்டு. நடுத்தட்டு, அடித்தட்டு என்ற இணைகள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. பொருளாதார ஆதிக்கத்தை மார்க்சியப் பார்வையில் எழுதுவதென்றால் ஆளும் வர்க்கம். ‘மேட்டுக்குடி’யில் விமர்சனத் தொனி உண்டு, காரணம் ‘மேட்டிமை’ என்ற சொல் பக்கத்திலேயே நிற்கிறது. நடுநிலையாக எழுத வேண்டிய கட்டுரையில் கவனமாகப் பயன்படுத்துங்கள். உரையாடல் என்றால் ‘பெரிய இடம்’ என்பதை மிஞ்ச ஒன்றுமில்லை. ‘பொண்ணு பெரிய இடம்’ என்ற ஒரு தொடரில் பணம், செல்வாக்கு, குடும்பம் எல்லாம் வந்துவிடும்.

‘எலைட்’ என்று அப்படியே எழுதுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைப் பெரும்பாலோர் பார்த்தது விலையுயர்ந்த மது விற்கும் டாஸ்மாக் எலைட் கடைப் பலகையில். அங்கே அது ‘உயர்தரம்’ என்று மட்டும் பொருள்படுகிறது.

பழந்தமிழ்ச் சொற்களிலும் எச்சரிக்கை வேண்டும். ‘சான்றோர்’ இன்று அறிவும் பண்பும் உடையவர். பதிற்றுப்பத்தில் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று அரசனைப் பாடும்போது சான்றோர் போர்வீரர்கள், அரசன் அவர்களுக்குக் கவசம். ‘மேற்பால்’, ‘கீழ்ப்பால்’ என்ற பாகுபாடு புறநானூற்று 183ஆம் பாடலிலேயே வருகிறது, கீழ்ப்பால் ஒருவன் கற்றால் மேற்பால் ஒருவனும் அவனிடம் வந்து பணிவான் என்று சொல்வதற்காக.

‘பிரிவிலெஜ்ட்’ என்பதைச் ‘சலுகை பெற்றவர்’ என்று எழுதலாமா?

பெரும்பாலும் கூடாது. நம் பொதுப்பேச்சில் சலுகை என்றால் அரசு தரும் உதவி: பேருந்துச் சலுகை, கட்டணச் சலுகை. ‘சலுகை பெற்ற வகுப்பு’ என்றால் பலர் இடஒதுக்கீடு பெறுபவர்களை நினைப்பார்கள். மூலத்தில் மேலே இருப்பவரைச் சுட்டிய விரல், தமிழில் கீழே வைக்கப்பட்டவரைச் சுட்டிவிடும். இந்தப் பிழை மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி நேர்கிறது, அதன் விளைவு சிறியதல்ல. ‘பிறப்பாலேயே வசதிகள் வாய்த்தவர்’, ‘ஆதிக்க நிலையில் உள்ளவர்’ என்று விரித்தே எழுதுங்கள். சட்டமன்றச் செய்தி என்றால் வழக்கமான ‘உரிமை மீறல்’ போதும். இந்திய அரசியலமைப்பின் 26ஆவது திருத்தத்தால் 1971இல் முன்னாள் மன்னர்களிடமிருந்து நீக்கப்பட்டதை ‘மன்னர் மானிய ஒழிப்பு’ என்பதே நிலைத்த தொடர்.

புதுச் சொல் ஒன்று வந்தால் எப்படி ஆராய்வது?

முதலில் அதன் எதிர்ச்சொல்லைத் தேடுங்கள். பெச்சேரோ தெரிந்தால் இதால்கோ தெரியும், ப்ராய் தெரிந்தால் அம்மாத் தெரியும். வங்காளத்தின் ‘பத்ரலோக்’ யாரென்று ‘சோட்டோலோக்’ சொல்லிவிடும்: உடலுழைப்பு செய்யாத, படித்த கூட்டம் ஒரு பக்கம், ‘சின்ன ஆட்கள்’ மறுபக்கம். அடுத்து, அந்தப் பெயரை அவர்களே வைத்துக்கொண்டார்களா, மற்றவர்கள் வைத்தார்களா என்று பாருங்கள். வபென்சி என்று எவரும் தன்னை அழைத்துக்கொள்வதில்லை. பிறகு சட்டம்: எந்த ஆண்டு ஏற்பட்டது, எந்த ஆண்டு நீங்கியது. 1894க்குப் பிந்தைய யாங்பானும் அதற்கு முந்தைய யாங்பானும் ஒன்றல்ல. கடைசியாக, வெளியே பிறந்தவர் உள்ளே நுழைய வழி இருந்ததா என்பது. இந்த நான்கையும் பார்க்காமல் அகராதியில் முதலில் உள்ள பொருளை எடுப்பதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

ஜெர்மன் பெயர்களில் வரும் ‘ஃபான்’ பட்டமா? தமிழில் விட்டுவிடலாமா?

ஜெர்மனியில் விடக் கூடாது. 1919 வைமார் அரசியலமைப்பு பிரபுக்களின் சட்ட உரிமைகளை நீக்கியபோது, ‘ஃபான்’ என்பதைக் குடும்பப் பெயரின் பகுதியாக வைத்துக்கொள்ள அனுமதித்தது. அன்றிலிருந்து அது பெயர்தான், பட்டமில்லை. ஆஸ்திரியாவில் அதே 1919இல் வந்த சட்டம் அதை முழுதாகத் தடை செய்தது. ஆகவே இன்றைய ஆஸ்திரியக் குடிமகனின் பெயரில் ‘ஃபான்’ இருந்தால், எழுதுவதற்கு முன் அவருடைய அலுவல் ஆவணங்களில் பெயர் எப்படி இருக்கிறது என்று சரிபாருங்கள்.